டிரைவர் தேவசகாயம், வயது இருபத்திரண்டு

1

நவம்பர் பதினொன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு இந்த நாட்டில் ஹாரன் அடிக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று சாதித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பஸ் ரேடியோவில் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள். கன்ட்ரோல் ரூம்காரர் பேசும் யார்க்‌ஷயர் இங்கிலீஷ் அப்போது எனக்குப் பிடிபடாது. எதைச் சொன்னாலும் 'ஓகே, ஓகே' என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுவேன்.

ஆரணியில் இதைப் படிக்கிற என் சொந்தக்காரர்கள் சிரிக்கலாம். ஆமாம், பொம்பளை நான் பஸ்தான் ஓட்டுகிறேன். இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு என்கிற மலைச்சரிவு ஊரில், மாடி பஸ். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அது. முன்னால் போன வண்டிகள் எல்லாம் திடீரென்று நின்றுவிட்டன. கார்க்காரர்கள் இறங்கி ரோட்டில் நிற்கிறார்கள். விபத்தா, ரோடு மறியலா என்று புரியவில்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டு சத்தத்தில் வளர்ந்த கையல்லவா, தானாகவே ஹாரனில் விழுந்துவிட்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

தெரு முழுக்க அப்படி ஒரு அமைதியில் என் ஹாரன் மட்டும் கேட்டது. பஸ்ஸுக்குள் இருந்த ஒரு கிழவர் கோட்டில் மெடல் குத்தியிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னால் வந்தவர், திட்டவில்லை. "இரண்டு நிமிஷம், லவ்" என்றார். இங்கே முன்பின் தெரியாதவர்களையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டு முதலில் ஒரு மாதம் கோபப்பட்டேன், அது வேறு கதை.

முதல் உலக யுத்தம் நின்ற நாளாம், நேரமாம். அதிலும் அதற்குப் பிந்தைய யுத்தங்களிலும் செத்த சிப்பாய்களை நினைத்து ஊரே இரண்டு நிமிஷம் அசையாமல் நிற்கிறது. சட்டையில் சிவப்புக் காகிதப் பூ. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, ராத்திரி சாதம் இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பத்து ஐம்பத்தெட்டுக்கே வண்டியை ஓரம் கட்டிவிடுகிறேன்.

2

அதற்கு ஒன்பது நாள் முன்னால் ஆரணியில் கல்லறைத் திருநாள். இங்கே நிற்கிற இரண்டு நிமிஷத்தில் எனக்கு ஞாபகம் வருவது அதுதான். அங்கே அமைதி ஏது? சாமந்தி விற்கிறவர், மெழுகுவத்தி விற்கிறவர், கல்லறையில் பெயர் எழுதப் பெயிண்ட் டப்பாவோடு திரிகிற ஆள், காணாமல்போன குழந்தையைத் தேடுகிற அம்மா. பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்த தண்ணீர் தெளித்துக்கொண்டு வருவார். நம் கல்லறைக்கு வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்று எல்லோருக்கும் ஒரு பதைப்பு இருக்கும்.

எங்கள் தாத்தா ஞானமுத்து அரிசி மில்லில் எடை போடுகிறவர். அப்பாவைப் பெற்றவர். அவருடைய அண்ணன் தேவசகாயம் பட்டாளத்துக்குப் போய் பர்மாவில் செத்தவர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. உடம்பு வரவில்லை, அதனால் கல்லறை இல்லை. கல்லறை இல்லாதவர்களுக்காக நடுவில் இருக்கிற பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். தாத்தா வருஷம் தவறாமல் அங்கே ஒன்று ஏற்றுவார். ஏற்றிவிட்டு முட்டி போட்டு, உதடு மட்டும் அசைய, "தம்பி... தம்பி..." என்பார்.

எனக்கு அப்போது ஏழு வயசு இருக்கும். வாய் சும்மா இருக்காது. "இன்னா தாத்தா, செத்தது உங்க அண்ணன்தானே? தம்பின்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் மேல் கை வைக்காத மனுஷன், பளாரென்று முதுகில் ஒன்று வைத்தார். அப்புறம் அவரே முதுகைத் தடவிக் கொடுத்து, போகும் வழியில் கடலை மிட்டாய் வாங்கித் தந்தார். அடி எதற்கு, மிட்டாய் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இந்த வருஷம்தான் புரிந்தது. புரிந்தது என்று சொல்வதுகூடச் சரியா, தெரியவில்லை.

3

என் மகள் ஷெரினுக்குப் பதின்மூன்று வயசு. என்னோடு அவள் பேசுவது வைஃபை வேலை செய்யாதபோது மட்டும்தான். 'அம்மா' என்று கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது. இப்போது 'மம்'. தமிழில் கேட்டால் பெரும்பாலும் இங்கிலீஷில் பதில் வரும், அதிலும் பாதி தோளைக் குலுக்குவது.

அக்டோபரில் ஒரு நாள் வேலை முடிந்து ஷூவைக் கழற்றக்கூட இல்லை, வாசலிலேயே வந்து நின்றாள். "அம்மா, நம்ம ஃபேமிலில வார்ல செத்தவங்க யாராவது இருக்காங்களா?" பள்ளிக்கூடத்தில் நவம்பர் பதினொன்றாம் தேதி கூட்டமாம். குடும்பத்தில் அப்படி யாராவது இருந்தால் பிள்ளைகள் மேடையேறி அந்தப் பெயரைப் படிக்கலாமாம். அவள் வகுப்பில் எல்லா வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஒரு பாட்டனோ பாட்டனுக்கு அண்ணனோ இருக்கிறார்கள். நமக்கு இருக்கிறார்களா?

அம்மா என்று கூப்பிட்ட சந்தோஷத்தில் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டேன். பத்து நிமிஷம் ஆகவில்லை, போரில் செத்த வீரர்களின் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். 'டிரைவர் தேவசகாயம். வயது இருபத்திரண்டு. அருளப்பன் மகன். ஆரணி, வட ஆற்காடு ஜில்லா.' உடல் கிடைக்காதவர்களுக்காகப் பர்மாவில் எழுப்பிய தூணில் பெயர் பொறித்திருக்கிறதாம்.

"மம், அவர் டிரைவர்! உன்ன மாதிரியே!" என்று குதித்தாள். எனக்கும் தலைகால் புரியவில்லை. நான் பஸ் ஓட்டப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, 'நம்ம பரம்பரையிலயே இல்லாத வேலைய எதுக்கு இழுத்துக்கிற' என்று போனில் சண்டைக்கு வந்த அத்தைகள் எத்தனை பேர்! பார்த்தீர்களா, பரம்பரையிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அப்பாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன்.

அப்பா ஆரோக்கியசாமி, ஆரணியில் முப்பத்தெட்டு வருஷம் ஆரம்பப் பள்ளி வாத்தியார். நான் எதை அனுப்பினாலும் ஒரு நிமிஷத்தில் பதில் வரும், அதுவும் என் எழுத்துப் பிழையைத் திருத்தி. இதற்கு இரண்டு நாள் பதிலே இல்லை. உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்துகொண்டு போன் போட்டேன்.

"ஷெரினாண்ட சொல்லிடு. அந்தப் பேர படிக்க வேணாம்."

"இன்னாப்பா? ஏன்?"

"வேணாம்னா வேணாம். விடு." வைத்துவிட்டார். அப்பா பாதியில் போனை வைத்து நான் பார்த்ததில்லை.

4

மறுநாள் அவரே கூப்பிட்டார். நான் டிப்போ கேன்டீனில் டீயோடு உட்கார்ந்திருந்தேன்.

"அந்தாளு பர்மாவுல சாவல, ஸ்டெல்லா. தேவசகாயம்தான் எங்கப்பன்."

எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை. தாத்தா பெயர் ஞானமுத்து அல்லவா? கல்லறையில் அப்படித்தானே எழுதியிருக்கிறது? அப்பாவின் இனிஷியலே 'ஞா.' தானே?

"கேளு. பெரியவரு தேவசகாயம், சின்னவரு ஞானமுத்து. நாலு வயசு வித்தியாசம். பட்டாளத்துல சேரணும்னு ஒத்தக் கால்ல நின்னது சின்னவரு. வயசு பதினாறு, பத்தல. அண்ணனோட பள்ளிக்கூட சர்டிபிகேட்ட சொல்லாம எடுத்துகினு வேலூர் போயி, அண்ணன் பேர்ல சேந்துட்டாரு. லாரி ஓட்டக் கத்துக்குடுத்து பர்மாவுக்கு அனுப்பிட்டாங்க."

அண்ணனுக்கு விஷயம் தெரிந்தபோது தம்பி கப்பலேறிவிட்டான். அதன் பிறகு தேவசகாயம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சந்தவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆரணிக்குப் பிழைக்க வந்துவிட்டார். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தம்பிக்குப் புது விலாசம் எழுதிப் போட்டதோடு சரி, ஊரில் அவர் பெயர் தெரிந்த மனுஷர் யாரும் கிடையாது. அப்போது தந்தி வந்தது.

"தந்திக்காரரு தெருவுல நின்னு சத்தமா படிக்கிறாரு. அருளப்பன் மகன் தேவசகாயம் யுத்தத்துல இறந்துட்டாருன்னு. நாலு பேரு கூடிட்டாங்க. 'நீ யாரு?'ன்னு எங்கப்பன கேட்டிருக்காரு. நான்தான் தேவசகாயம்னு எப்டிம்மா சொல்லுவாரு? பொய் சர்டிபிகேட்டுன்னு வெள்ளக்காரன் புடிச்சினு பூடுவான்னு பயம். 'தம்பிங்க, ஞானமுத்து'ன்னு சொல்லிட்டாரு. அவரு சாவு தந்திய அவரே கையெழுத்து போட்டு வாங்கினாரு."

அத்தோடு விட்டிருந்தால் எப்போதாவது சரி பண்ணியிருக்கலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் பூசையில் தேவசகாயத்தின் ஆன்மாவுக்காகச் செபிக்கச் சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் கூடி வந்தது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. எந்தக் கோயிலில் செத்ததாகச் செபித்தார்களோ, அதே கோயிலில் தேவசகாயத்துக்கு ஓலை வாசிப்பது எப்படி? ஞானமுத்துவுக்கு வாசித்தார்கள்.

"மூணு வாரமும் அவங்கம்மா முக்காட்ட இழுத்து வுட்டுகினு அழுதாங்களாம். புள்ள கல்யாணம், சந்தோஷத்துல அழுவுறாங்கன்னு கோயிலே நெனச்சிகிச்சி."

டீ ஆறிப்போயிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த டிரைவர் ஊரில் ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாராவது இறந்துவிட்டார்களா என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? ஆமாம், இரண்டு பேர், ஆனால் பெயர் மாறிவிட்டது என்றா?

"இத எப்பப்பா தெரிஞ்சிகினீங்க?"

"அவரு படுத்த படுக்கையா இருக்கும்போது சொன்னாரு. நான் யாராண்டயும் சொல்லல. உங்கம்மாவாண்டகூட. எப்டிம்மா சொல்றது? வாழ்நாள் பூரா ஞா. ஆரோக்கியசாமின்னு கையெழுத்து போட்டிருக்கேன். அந்த 'ஞா' யாருது? பதினெட்டு வயசுல செத்த பையனுது. கல்யாணமே ஆவாத பையன். நான் எப்டி அவன் புள்ள?" என்று கேட்டார்.

5

ஷெரினிடம் சொல்லாமல் மறைக்கலாமென்று இரண்டு நாள் பார்த்தேன். முடியவில்லை. அவள் கண்ணாடி முன்னால் நின்று 'தே-வ-ச-கா-யம்' என்று பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். தமிழ் பேச மாட்டேன் என்கிற பிள்ளை, 'யம்' வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டு நாக்கை எங்கே வைப்பதென்று கேட்கிறாள். உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். கடைசியில், "அப்போ யார் செத்தது, மம்?" என்றாள்.

"சின்னவர். ஞானமுத்து."

"ஆனா கிரேவ்ல இருக்கிறது ஞானமுத்து."

"இல்லடி, அது பெரியவர். தேவசகாயம்."

"தேவசகாயம் பர்மால பில்லர்ல இருக்காரு!"

"பேர் இருக்கு, ஆள் இல்ல!" என்று கத்திவிட்டேன். அவள் தப்பு ஒன்றுமில்லை, எனக்கே தலை சுற்றியது.

"சோ, அவர் தம்பி பேரைத் திருடிட்டார்."

"திருடலடி, பயந்துட்டார்."

"தம்பிதான் ஃபர்ஸ்ட் திருடினார்" என்றாள் யோசனையாக.

ஒரு வேகத்தில் பதிவேட்டு அலுவலகத்துக்கு மெயில் போட்டேன். பெயர் தப்பு, வயதும் தப்பு, திருத்துங்கள் என்று. நான்கு பத்தியில் பதில் வந்தது. என் குடும்பத்தின் தியாகத்துக்கு நன்றி. திருத்த வேண்டுமானால் அந்தக் காலத்து ஆவணங்கள் வேண்டும். ஞானமுத்து இறந்ததற்கு அத்தாட்சி வேண்டும். தேவசகாயம் யுத்தத்துக்குப் பின்னும் உயிரோடிருந்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். இரண்டுக்கும் நான் எங்கே போவேன்? ஆரணிக் கோயில் பதிவேட்டில் ஞானமுத்துவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, பிள்ளை பிறந்திருக்கிறது, பேரப்பிள்ளைகள் சூழ அடக்கமும் நடந்திருக்கிறது. உலகத்திலுள்ள எல்லாக் காகிதமும் ஒரே பொய்யை ஒழுங்காகச் சொல்கிறது. உண்மையைச் சொல்வது எங்கப்பா மட்டும், அதுவும் போனில்.

பள்ளிக்கூடத்துக்கும் கேட்டு எழுதினேன். பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் பிள்ளைகள் மேடையில் படிக்கிற அட்டையில் அச்சடிப்போம், பிள்ளை விரும்பினால் கூட ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றார் டீச்சர். நல்ல பெண்மணி. என் மெயிலில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது.

படுத்தால் இதே நினைப்பு. வெள்ளைக்கார ராஜாவின் யுத்தத்துக்கு அண்ணன் பெயரில் போய்ச் செத்த பையன். அவனுக்காக நான் என்னவென்று நிற்பது? பெருமைப்படவா, ஏன்டா போனாய் என்று திட்டவா? இந்த ஊர்க்காரர்கள் 'உங்கள் ஆட்களும் சண்டை போட்டார்களாமே' என்று ஏதோ விருந்துக்கு வந்தவர்களைச் சொல்வதுபோல் சொல்லும்போது எரிச்சலாக வரும். அதே சமயம் அவன் பெயரை ஒருதரம் சத்தமாகச் சொல்லுங்களடா என்றும் இருக்கும். தேவசகாயம் என்று படித்தால், ஆரணியில் எழுபது வயசுவரை அரிசி எடை போட்ட மனுஷனுக்கு அந்த மரியாதை போய்ச் சேர்கிறது. ஞானமுத்து என்று கூட ஒரு வார்த்தை சேர்த்தாலோ, அதுவும் அதே மனுஷன் கல்லறையில் எழுதியிருக்கிற பெயர்தான். படிக்காமலே விட்டால் அந்தப் பையன் செத்ததே இல்லை என்று ஆகிவிடுகிறது. செத்தவனாக அவன் பெயரை எந்த ஊரிலும் யாரும் இதுவரை சொன்னதில்லை.

அப்பாவிடம் கடைசியாக ஒருமுறை கேட்டேன். "எனக்குத் தெரிலம்மா. எதுன்னா பண்ணுங்க. என்ன கேக்காதீங்க" என்றார்.

6

பதினொன்றாம் தேதி காலை ஷெரின் அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். "படிக்கப் போறியா?" என்று கேட்டேன். "தெரியல" என்றாள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் ஒத்துப்போன ஒரே பதில்.

எனக்கு டியூட்டி. பத்து ஐம்பத்தெட்டுக்கு ஒரு தேவாலயத்துக்கு எதிரில் வண்டியை ஓரம் கட்டினேன். மைக்கை எடுத்து, இரண்டு நிமிஷம் நிற்கப் போகிறோம் என்று சொல்லி, இன்ஜினை அணைத்தேன். குழந்தையோடு இருந்த ஒரு பெண் அதன் வாயில் பிஸ்கட்டை வைத்தாள். மணி அடித்தது.

கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். ஞானமுத்து என்று ஆரம்பித்தேன். உடனே மில்லிலிருந்து உமி படிந்த தலையோடு வருகிற தாத்தாவின் முகம். சரி, தேவசகாயம் என்றேன். அதற்கும் அதே முகம். லாரி ஓட்டிய பையனுக்கு நான் பார்த்த முகம் ஒன்றும் இல்லை. பதினெட்டு வயசில் மீசை இருந்ததா? ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் போகிற தூரமாவது அவனுக்குச் சரியாக ஓட்டத் தெரிந்திருக்குமா? மண் ரோட்டில், மழையில், யாருடைய சாமான்களையோ ஏற்றிக்கொண்டு... நானும் டிரைவர், எனக்கு அது தெரியும். அவனைக் கூப்பிட ஒரு பெயர் தேடி முடிப்பதற்குள் இரண்டு நிமிஷம் முடிந்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ "தேங்க் யூ, டிரைவர்" என்றார்கள்.

7

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் ஷெரின் போனை நீட்டினாள். டீச்சர் எடுத்த வீடியோ. மேடையில் என் மகள், சட்டையில் சிவப்புப் பூ. அட்டையைப் பார்க்கிறாள். "டிரைவர் தேவசகாயம்" என்கிறாள், 'யம்' சுத்தமாக வருகிறது. அடுத்த பிள்ளை முன்னால் வரக் கால் எடுத்து வைக்கிறது. இவள் நகரவில்லை. அட்டையை மடக்கிவிட்டு, நிமிர்ந்து, "தம்பி" என்கிறாள்.

அவ்வளவுதான். இறங்கிவிட்டாள்.

"அப்படின்னா என்னன்னு டீச்சர் கேட்டாங்க" என்றாள். "அவர் பிரதர் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்னு சொன்னேன். நீ அடி வாங்கின ஸ்டோரி சொன்னியே, அம்மா. அது கரெக்ட்தானே?"

கட்டிப்பிடித்துக்கொண்டேன். விடு விடு என்று திமிறினாள். வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. தப்பு பண்ணிவிட்டோமோ என்று ஷெரின் பத்து தடவை என் போனை எட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் டிப்போ வாசலில் நிற்கும்போது ஒரு படம் வந்தது. தாத்தாவின் கல்லறை. கல்லறைத் திருநாளுக்கு அடித்த சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக இருந்தது. 'அ. ஞானமுத்து' என்ற பழைய எழுத்துக்குக் கீழே, ஈரம் காயாத கறுப்புப் பெயிண்டில் புதிதாக ஒரே ஒரு வார்த்தை இருந்தது.

'அண்ணன்.'

உடனே போனும் வந்தது. "பெயிண்ட்காரன் பேஜாரு பண்ணிட்டாம்மா. 'திருநாள் முடிஞ்சி போச்சே சார், இப்ப போயி இன்னா எழுதறது'ன்னு. யாருக்கு அண்ணன்னு கேட்டான். எழுதுடா ஜல்தின்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினார். "நானும் கொஞ்ச நேரம் நின்னேன். எழுத்து சரியா கீதா பாரு."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துத் திருத்திய மனுஷன் என்னைக் கேட்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து கொஞ்சம் கோணல், 'ண்' மேல் வைத்த புள்ளி வழிந்திருந்தது.

"சரியா இருக்குதுப்பா" என்றேன்.